கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது?

நவம்பர் கடைசியில் சான் பெட்ரோ ஆற்றில் தண்ணீர் கூடும். அதற்கு முந்தைய ஒரு மாதம் முழுக்க மழையே பெய்யாமல் இருந்தாலும் கூடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், பாலைநிலத்துக்கு நடுவே வடக்கு நோக்கி ஓடும் சிறிய ஆறு இது. இரு கரையிலும் காட்டன்வுட் என்ற நெடிய மரங்களும் வில்லோ மரங்களும் அடர்ந்து நிற்கின்றன. உறைபனி விழ ஆரம்பித்ததும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. இலை உதிர்ந்த மரம் தண்ணீர் குடிப்பதில்லை. அது குடிக்காமல் விட்ட நீர்தான் ஆற்றில் கூடுதலாக ஓடுகிறது.

கோடையில் இதே வேடிக்கை ஒரே நாளுக்குள் நடந்து முடிந்துவிடும். கரையோர மணலில் துளைகளிட்ட ஒரு குழாயை இறக்கி, உள்ளே நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் கருவியைத் தொங்கவிட்டால் தெரியும். விடியற்காலையில் மட்டம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இறங்கும். சாயங்காலம் அடிமட்டத்துக்குப் போகும். இருட்டிய பிறகு மெல்ல மெல்ல ஏறி, மறுநாள் விடியலில் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். வித்தியாசம் என்னவோ சில சென்டிமீட்டர்தான். ஆனாலும் வால்டர் ஒயிட் என்பவர் 1932-ல் யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து, அதிலிருந்தே செடிகொடிகள் ஒரு நாளில் எவ்வளவு நிலத்தடி நீரைக் குடிக்கின்றன என்று கணக்கிடும் வழியைச் சொன்னார். நீரியலாளர்கள் இன்றும் அந்த முறையைக் கைவிடவில்லை.

ஆற்றங்கரை மரம் குடித்தால் ஆறு இறங்கும். சரி. பல கிலோமீட்டர் தள்ளி, ஆறு கண்ணுக்கே தெரியாத மேட்டில், நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் போர் போட்டு இறைத்தால்? சான் பெட்ரோ பள்ளத்தாக்கில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஆறு மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், கனனேயா என்ற சுரங்க ஊருக்குப் பக்கத்தில் பிறக்கிறது. எல்லையைக் கடந்து அரிசோனாவுக்குள் நுழைந்து, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஹீலா ஆற்றில் சேர்கிறது. அந்த வட்டாரத்தில் அணை கட்டப்படாமல் மிஞ்சிய ஆறுகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. 350க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. மத்திய அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் பறவைகளுக்கு, பாலைக்கு நடுவே இந்தப் பச்சைப் பட்டைதான் வழித்துணை. 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆற்றின் மேல்பகுதியில் சுமார் 57,000 ஏக்கரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஆற்றங்கரைச் சூழலைக் காப்பதற்கென்றே அந்நாட்டில் ஏற்பட்ட முதல் தேசியப் பகுதி அது.

அந்தப் பகுதிக்கு வடக்கே, ஆற்றோடு போனால் செயின்ட் டேவிட் என்ற விவசாயக் கிராமம், பிறகு பென்சன் என்ற சிற்றூர், அதற்கும் கீழே மண் சாலையோரம் சிதறிக் கிடக்கும் காஸ்கபெல் குடியிருப்புகள். பென்சனில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். இந்த ஊரை ஒட்டி, ஆற்றுக்கு மேற்கே 12,000 ஏக்கர் புதர்க்காட்டில் 28,000 வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. இத்தாலியின் டஸ்கனி பாணியில் வீடுகள், கோல்ஃப் மைதானங்கள், கடைகள். 'வில்லேஜஸ் அட் விக்னெட்டோ' என்று பெயர். கட்டி முடித்தால் சுமார் 70,000 பேர் குடியேறுவார்கள் என்பது கணக்கு. ஊரைப் போல ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு மக்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

பென்சனிலேயே இதை வரவேற்றவர்கள் நிறையப் பேர். ரயில் பாதையால் பிறந்து, பிறகு நெடுஞ்சாலையோரம் தேங்கிப்போன ஊர் அது. வேலை வரும், கடை வரும், வீட்டுவரி வரும் என்று அவர்கள் எண்ணியதில் தப்பு காண முடியாது. எதிர்த்தவர்கள் பெரும்பாலும் கீழ்ப்பள்ளத்தாக்குக்காரர்கள்: மாடு வளர்ப்பவர்கள், சிறு பண்ணைக்காரர்கள், ஓய்வுபெற்று வந்து குடியேறியவர்கள், பறவை பார்ப்பவர்கள். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் நகராட்சிக் குழாயில் வரவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போர். மட்டம் பத்தடி இறங்கினால் அந்தப் பத்தடிக்கும் செலவு அவரவர் பையிலிருந்துதான்.

தண்ணீர் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். அரிசோனாவில் ஓர் ஏக்கர்-அடி நீர், ஓராண்டுக்கு மூன்று வீடுகளுக்குப் போதும் என்று தோராயமாகச் சொல்வார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் அது, சுமார் 12.3 லட்சம் லிட்டர். 28,000 வீடு என்றால் ஆண்டுக்கு 9,300 ஏக்கர்-அடிக்கு மேல். நம் ஊர் அளவையில் சொன்னால் 0.4 டி.எம்.சி. காவிரிப் பேச்சில் டி.எம்.சி.யை டஜன் கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றுமே இல்லாத அளவு. ஆனால் சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் பென்சனில் 300 தான். அதிலும் சமவெளியில் விழுவது பெரும்பாலும் மண்ணை நனைத்துவிட்டு வெயிலோடு போய்விடும். நிலத்தடிக்குப் போய்ச் சேருவது முக்கியமாகச் சுற்றியுள்ள மலைகளில் குளிர்காலத்தில் பெய்யும் மழையும் பனியும். அந்த நீர் பாறை இடுக்குகளில் கசிந்து, மலையடிவாரத்துச் சரளையில் இறங்கி, பள்ளத்தாக்கின் நடுவே கிடக்கும் ஆற்றை நோக்கி நகர்கிறது. ஆறு என்று நாம் பார்ப்பது இந்த நிலத்தடி நீர் மேலே தலைகாட்டும் இடத்தைத்தான். கோடை மழை வெள்ளத்தைக் கழித்துவிட்டால், சான் பெட்ரோவில் மற்ற மாதங்களில் ஓடுவது ஊற்றுநீர்.

நகர்கிறது என்றேனே, எவ்வளவு வேகம்? பள்ளத்தாக்கின் அடியில் நூற்றுக்கணக்கான அடி கனத்துக்கு மணலும் சரளையும் படிந்திருக்கின்றன. அதற்கிடையில் பல இடங்களில் தடித்த களிமண் அடுக்கு. களிமண்ணுக்குக் கீழே உள்ள நீரின் வயதைக் கார்பன்-14 போன்ற தடயங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழசு. சில இடங்களில் கடைசிப் பனியுகத்தில் மலையில் விழுந்த மழையே இன்னும் அங்கே இருக்கிறது. பனியுகம் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் மாமத் யானைகள் திரிந்த காலம். அதற்குச் சாட்சியும் இங்கேயே இருக்கிறது. ஆற்றுக்குச் சில மைல் மேற்கே மரே ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், 1966-ல் தொடங்கிய ஆய்வில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடப்பட்ட மாமத்தின் எலும்புகளும் கல் ஈட்டி முனைகளும் கிடைத்தன. அங்கே மண்ணில் ஒரு பள்ளமும் தெரிந்தது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கியபோது மாமத் தோண்டிய ஊற்றுக்குழி அது என்பது ஆய்வாளர் வான்ஸ் ஹேன்ஸின் கருத்து. ஆப்பிரிக்க யானைகள் இன்றும் வறண்ட ஆற்று மணலைத் தோண்டி நீர் குடிக்கின்றன; அதனால் நம்பக் கஷ்டமில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் முதல் கிணறு மனிதர் வெட்டியதாக இல்லாமலும் இருக்கலாம்.

செயின்ட் டேவிட் கிராமத்தில் இந்தப் பழைய நீர் தானாகவே மேலே வருகிறது. மலையடிவாரத்தில் உயரமான இடத்தில் இறங்கிய நீர், களிமண் அடுக்குக்குக் கீழே அகப்பட்டு, மேலிருந்து வரும் நீரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. களிமண்ணைத் துளைத்து ஒரு குழாயை இறக்கிவிட்டால் போதும், மோட்டார் இல்லாமல் நீர் பொங்கி வழியும். இதுதான் ஆர்டீசியன் கிணறு. 1877-ல் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் இங்கே குடியேறின. 1887 மே 3 அன்று எல்லைக்கு அப்பால் சொனோராவில் ஒரு பெரும் நிலநடுக்கம் வந்தது. பவிஸ்பே என்ற ஊரில் மாதா கோயில் கூரை இடிந்து விழுந்து பலர் செத்தார்கள். அதே நடுக்கம் சான் பெட்ரோ பள்ளத்தாக்கில் நிலத்தைப் பிளந்து நீரைப் பீறிட வைத்தது என்றும், அதைப் பார்த்துத்தான் தாங்கள் பொங்கும் கிணறுகளைத் துளைக்க ஆரம்பித்தோம் என்றும் செயின்ட் டேவிட்காரர்கள் ஊர் வரலாறு சொல்வார்கள். பாலைநிலத்தில் குளமும் மரமுமாக அந்தக் கிராமம் நிற்பது அந்த அழுத்தத்தின் தயவில். புதிய குடியிருப்பின் போர்கள் இறங்கப்போவதும் அதே ஆழத்து நீருக்குத்தான். அந்த அழுத்தம் குறைந்தால் பொங்கும் கிணறு பொங்காது. நீர் அங்கேயே இருக்கும், ஆனால் எடுக்க மோட்டார் வேண்டும், மின்சாரம் வேண்டும்.

இப்போது மூலக் கேள்விக்கு வரலாம். போரில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது? குழந்தைத்தனமான கேள்வி போலத் தோன்றும். 1940-ல் சார்லஸ் டைஸ் என்ற அமெரிக்க நீரியலாளர் ஏறக்குறைய இதையே தலைப்பாக வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். நிலத்தடி நீர் பற்றி எழுதப்பட்டவற்றில் அதற்கு இணையாக நான் இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

டைஸ் கென்டக்கியில் பிறந்தவர். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்காக நியூ மெக்சிகோவில் கிணறுகளை அளந்துகொண்டிருந்தார். ஒரு கிணற்றில் இறைக்கத் தொடங்கினால் சுற்றிலும் நீர்மட்டம் கூம்பு வடிவத்தில் குழிந்து இறங்கும், அந்தக் கூம்பு நாளாக ஆக விரியும் என்பது முன்பே தெரிந்த விஷயம். எந்த வேகத்தில் விரியும் என்பதற்குத்தான் சூத்திரம் இல்லை. வெப்பம் ஒரு உலோகத்துக்குள் பரவுவதும், நீரழுத்தம் மணலுக்குள் பரவுவதும் ஒரே கணக்கு என்று டைஸுக்குப் பட்டது. லூபின் என்ற கணித நண்பரிடம் உதவி கேட்டு, வெப்பத்துக்கு ஏற்கனவே இருந்த சமன்பாட்டைத் தண்ணீருக்கு மாற்றினார். 1935-ல் அது வெளிவந்தது. உலகெங்கும் இன்று கிணற்றைச் சோதிப்பவர்கள் அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள்.

நீளமான இரும்புக் கரண்டியின் நுனியை அடுப்பில் வைத்துவிட்டுக் காம்பைப் பிடித்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துச் சூடு கைக்கு வரும். அடுப்பை அணைத்த பிறகும் காம்பின் சூடு சற்று நேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏனென்றால் நுனியில் சேர்ந்த வெப்பம் இன்னும் வழியில் இருக்கிறது. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே நடப்பது இதுவே. போரை நிறுத்திய நாளில் ஆற்றின் இழப்பு நிற்காது. கிணற்றைச் சுற்றி விழுந்த பள்ளம் நிரம்ப வேண்டும், அது நிரம்புவது ஆற்றுக்குப் போக வேண்டிய நீரால். அதுவரை ஆறு இழந்துகொண்டே இருக்கும். சில சமயம் ஆற்றின் மிக மோசமான ஆண்டு, மோட்டார் நின்று பல ஆண்டு கழித்து வருகிறது.

டைஸ் 1940-ல் சொன்னதன் சாரம் இது: கிணறு வெட்டுவதற்கு முன்பு, ஒரு பள்ளத்தாக்குக்குள் வரும் நீரும் வெளியேறும் நீரும் நெடுங்காலமாகச் சமமாகவே இருந்திருக்கும். மலையில் இறங்கியது அத்தனையும் ஆறாகவோ, ஊற்றாகவோ, மரத்தின் மூச்சாகவோ வெளியே போய்க்கொண்டிருந்தது. புதிதாக ஒரு கிணறு எடுக்கும் நீருக்கு எங்கோ ஓரிடத்தில் ஈடு வேண்டும். ஆரம்பத்தில் அது மண்ணுக்குள் சேர்ந்திருக்கும் இருப்பிலிருந்து வருகிறது. அப்போது ஆற்றுக்குச் சேதமில்லை, எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கூம்பு விரிந்து ஆற்றைத் தொட்ட பிறகு, ஆற்றுக்கு வரவேண்டியது கிணற்றுக்குப் போகிறது. இன்னும் நாளானால் ஆற்றில் ஓடும் நீரே படுகை வழியாகக் கீழே இறங்க ஆரம்பிக்கிறது. எல்லாக் கிணறும் முதலில் இருப்பில் தொடங்கி, கடைசியில் ஆற்றுக்கோ ஊற்றுக்கோ மரத்துக்கோ வந்து முடிகிறது. எத்தனை ஆண்டில் என்பது மட்டும்தான் வேறுபாடு.

நாம் எல்லோரும் நம்பும் ஒரு வாக்கியத்தை இது கவிழ்த்துவிடுகிறது. "மழையால் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு மட்டும் எடுத்தால் போதும், ஒன்றும் கெட்டுப்போகாது." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஊறியது அத்தனையும் ஏற்கனவே ஆறும் மரமும் செலவழித்துக்கொண்டிருந்த நீர். ஊறுவதை முழுக்க நாம் எடுத்தால் அவற்றுக்கு மிச்சம் பூஜ்யம். 1982-ல் ஜான் பிரெடஹோஃப்ட்டும் இரு சகாக்களும் இந்த நம்பிக்கையைக் கட்டுக்கதை என்றே பெயர் சூட்டி எழுதினார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அரசுக் கோப்புகளில் அந்தக் கதை உயிரோடுதான் இருக்கிறது. நம் நாட்டிலும் ஒரு வட்டாரம் 'பாதுகாப்பானது' என்றும் 'அபாயகரமானது' என்றும் 'அதிகம் சுரண்டப்பட்டது' என்றும் பிரிக்கப்படுவது, ஆண்டுக்கு எடுப்பதை ஊறுவதோடு ஒப்பிட்டுத்தான். தமிழ்நாட்டில் பிர்கா வாரியாக இந்தக் கணக்கு வருகிறது. இயற்கையாக வெளியேறுவதற்கென்று ஊறுவதில் 5 முதல் 10 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதையும் எடுக்கக்கூடியதாகவே காட்டுகிறார்கள். கோடையிலும் ஊற்றெடுத்த ஆற்றுப் படுகைகள் ஏன் வறண்டன என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிணற்றின் பாதிப்பு ஆற்றை எட்ட ஆகும் காலம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றின் விளைவு ஆறேழு மாதத்தில் ஆற்றை எட்டும் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மண்ணில் இரண்டு கிலோமீட்டர் என்றால் இரண்டு ஆண்டுக்கு மேல். பத்து கிலோமீட்டர் என்றால் நூறு மடங்கு: ஐம்பது ஆண்டைத் தாண்டிவிடும். அவ்வளவு காலத்துக்கும் ஆறு எப்போதும்போல ஓடும், "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லவும் முடியும். நீர் அவ்வளவு தூரம் பயணம் செய்து வருவதாக எண்ண வேண்டாம். பயணம் செய்வது அழுத்தக் குறைவு. நீர்த்துளி நூற்றாண்டுகள் எடுத்துக் கடக்கும் தூரத்தை அழுத்தக் குறைவு அதைவிட வெகு விரைவாகக் கடந்துவிடும். களிமண்ணுக்குக் கீழே மூடிக்கிடக்கும் நீரிலோ வேகம் இன்னும் பல மடங்கு.

களிமண்ணைச் சொன்னதும் வீடு கட்டுவோர் தரப்பில் வைக்கக்கூடிய நல்ல வாதம் ஒன்று நினைவுக்கு வருகிறது, அதையும் கேட்டுவிடுவோம். ஆழத்து நீரையும் ஆற்றோரத்து மேல்மட்ட நீரையும் களிமண் பிரிக்கிறதே, கீழே எடுத்தால் மேலே ஏன் குறையும்? களிமண் உள்ள இடத்தில் மட்டும் பார்த்தால் இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் களிமண் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடவில்லை. ஓரங்களில் இல்லை, நடுவிலும் கனம் ஒரே மாதிரி இல்லை. களிமண் பாதிப்பைத் தாமதப்படுத்தும், திசைதிருப்பும், சில ஊர்களுக்குக் குறைத்து வேறு சில ஊர்களுக்குக் கூட்டும். அடியோடு தடுக்க முடியாது. ஆழத்தில் அடைபட்ட நீரும் ஒரு காலத்தில் எங்கோ வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. அது எந்த இடம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமான வேலை, ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை.

செய்தும் காட்டியிருக்கிறார்கள். சான் பெட்ரோவின் மேல்பகுதிக்கு, நிலவியல் ஆய்வுத் துறையின் ஸ்டான்லி லீக்கும் சகாக்களும் 2008-ல் ஒரு வரைபடத்தொகுப்பு வெளியிட்டார்கள். கணினி மாதிரியில் பள்ளத்தாக்கைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கற்பனைக் கிணற்றை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இங்கே இறைத்தால் பத்தாம் ஆண்டில் அந்த நீரில் எத்தனை பங்கு ஆறும் ஊற்றும் மரங்களும் இழந்த நீராக இருக்கும்? ஐம்பதாம் ஆண்டில்? விடையை வண்ணத்தில் தீட்டினார்கள். எனக்குத் தெரிந்து நிலத்தடி நீர் பற்றி ஊர்க்கூட்டத்தில் விரித்துவைத்துப் பேசக்கூடிய படம் இதுதான். ஒருவர் தன் நிலத்தின் மேல் விரலை வைத்துத் தன் போர் யாருடைய நீரைக் குடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. அரிசோனாவில் ஆற்று நீருக்கு ஒரு சட்டம், நிலத்தடி நீருக்கு வேறொரு சட்டம். ஆற்றில் முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை. நிலத்தடியிலோ நிலத்துக்காரர் நியாயமான தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் எல்லைக்கோடு எங்கே? ஆற்றுப் படுகைக்குக் கீழேயும் பக்கத்திலும் ஆற்றின் பகுதியாகவே ஊர்ந்து செல்லும் நீர் வரைக்கும் ஆற்றுச் சட்டம், அதற்கப்பால் நிலத்தடிச் சட்டம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1931-ல் சொன்னது. டைஸின் சமன்பாடு வருவதற்கு நான்கு ஆண்டு முன்பு. இயற்கையில் இல்லாத அந்தக் கோட்டைத் தேடித்தான் வழக்குகள் இன்னும் நடக்கின்றன. நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை: 1882-ம் ஆண்டின் இந்திய அனுபோக உரிமைச் சட்டமும், குறிப்பிட்ட வழித்தடத்தில் ஓடாத நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்துக்காரருக்கே கொடுக்கிறது. ஒரே ஆங்கிலேய வழக்காற்றிலிருந்து கிளைத்த இரண்டு கொம்புகள்.

புது வீடுகளுக்கு 100 ஆண்டுக்கு நீர் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று அரிசோனா 1980-ல் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அது முழுமையாகப் பாய்வது ஃபீனிக்ஸ், டூசான் போன்ற வட்டாரங்களில். பென்சன் போன்ற கிராமப்புறங்களில், நீர் போதாது என்று வாங்குபவருக்குத் தெரிவித்துவிட்டால் போதும் என்றே நெடுங்காலம் இருந்தது. 2007-ல் வந்த சட்டம், வேண்டுமானால் மாவட்டங்கள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம் என்றது. சான் பெட்ரோ ஓடும் கொச்சீஸ் மாவட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் சோதனை என்ன என்று பாருங்கள். நூறாண்டு இறைத்த பிறகு நீர்மட்டம் 1,200 அடிக்குக் கீழே போகாமல் இருந்தால் நீர் போதும். 1,199 அடியில் நின்றாலும் தேர்ச்சிதான். ஆறு அதற்கு வெகு காலம் முன்பே செத்திருக்கும்.

இந்த ஓட்டை வெறும் ஏட்டளவில் இல்லை. பென்சனுக்குத் தெற்கே சியரா விஸ்டா நகரில் சுமார் 7,000 வீடுகள் கொண்ட வேறொரு திட்டத்துக்கு மாநில நீர்வளத் துறை 2013-ல் 'நீர் போதும்' என்று சான்று தந்தது. பாதுகாப்புப் பகுதியின் ஆற்றுக்கென்று நாடாளுமன்றம் 1988-லேயே நீரை ஒதுக்கியிருக்கிறதே, அதைக் கழித்தீர்களா என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். ஒதுக்கியது உண்மை, எவ்வளவு என்று எண்ணில் முடிவாகவில்லை, ஆகவே துறை அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எண்ணை முடிவுசெய்ய வேண்டிய ஹீலா ஆற்று நீருரிமை வழக்கு 1974-ல் தொடங்கியது. பாதுகாப்புப் பகுதிக்கான அளவைக் குறிக்கும் தீர்ப்பு அதில் 2023-ல்தான் வந்தது. இதற்கிடையே 2005 ஜூலையில் சார்லஸ்டன் என்ற இடத்தில் உள்ள அளவுமானி, ஏறக்குறைய நூறாண்டுப் பதிவில் முதன்முறையாக, பூஜ்யம் காட்டியது.

விக்னெட்டோவின் கதையும் நீளம். அதற்கு முன்னோடியான திட்டம் 2006-ல் ராணுவப் பொறியியல் படையிடம் அனுமதி வாங்கியது. பிறகு அது நிறுத்தப்பட்டது, திரும்ப வந்தது, மறுபடியும் நிறுத்தப்பட்டது. முழுத் திட்டத்தின் நீர்விளைவையும் ஆராய வேண்டும் என்ற நிலைப்பாட்டை 2017-ல் தாம் கைவிட்டது மேலிடத்து அழுத்தத்தால்தான் என்று, வனவிலங்குத் துறை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஸ்டீவ் ஸ்பாங்கிள் 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். அரசியலை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்; அதை எழுதப் போனால் தண்ணீர் காணாமல் போய்விடும்.

ஜூன் மாதம் மூன்றாவது சனிக்கிழமைக்குப் போகலாம். பருவமழைக்கு முந்தைய அந்த வாரங்கள்தான் ஆற்றுக்கு மிகக் கடுமையானவை. 1999 முதல் ஆண்டுதோறும் அன்றைக்குத் தன்னார்வலர்கள் சான் பெட்ரோவை நடந்தே அளக்கிறார்கள். ஆளுக்குச் சில கிலோமீட்டர். கையில் ஜி.பி.எஸ். கருவி. மேலே நீர் தெரிந்தால் 'ஈரம்' என்று தொடக்கப் புள்ளி. மணல் காய்ந்தால் 'வறட்சி' என்று முடிவுப் புள்ளி. அவ்வளவுதான் வேலை. வெயில் 40 டிகிரியைத் தொடும். மெஸ்கீட் முள் கிழிக்கும். பண்ணைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து இப்படி நடந்து கொடுத்த புள்ளிகளைத் தொகுத்தால், எந்தத் துண்டு எந்த ஆண்டிலும் காயவில்லை, எந்தத் துண்டு ஆண்டுக்காண்டு குட்டையாகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. அளவுமானி ஓரிடத்தைத்தான் பார்க்கும். இவர்கள் ஆற்றின் முழு நீளத்தையும் பார்க்கிறார்கள்.

ஆறு காய்வதற்கு முன்பே மரங்கள் சொல்லிவிடும் என்பது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜூலியட் ஸ்ட்ரோம்பெர்க் போன்றவர்களின் நெடுநாள் ஆய்வில் தெரிந்தது. காட்டன்வுட்டும் வில்லோவும் அடர்ந்து நிற்க, நீர்மட்டம் ஏறக்குறைய மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். கன்றுகளின் பாடு இன்னும் மோசம். வெள்ளம் வடிந்த ஈர மணலில் முளைத்த கன்றின் வேர், இறங்கும் நீர்மட்டத்தைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். மட்டம் நாளுக்கு இரண்டரை சென்டிமீட்டரைவிட வேகமாக இறங்கினால் வேர் தோற்றுவிடும். பெரிய மரங்கள் நிற்கும், கன்றுகள் வராது. அந்த இடத்தை ஆழ வேர்விடும் டாமரிஸ்க் என்ற வந்தேறிப் புதர் பிடித்துக்கொள்ளும். வெளியூர்க்காரர் கண்ணுக்குக் கரை பச்சையாகவே தெரியும்.

பழுதைச் சீர்செய்யவும் முயல்கிறார்கள். சியரா விஸ்டா தன் கழிவுநீரைச் சுத்திகரித்து மண்ணுக்குள் இறக்குகிறது. அங்குள்ள ராணுவத் தளம் தன் இறைப்பை வெகுவாகக் குறைத்திருக்கிறது. ஆற்றை ஒட்டிய நிலங்களை வாங்கி, அங்கே இனி இறைக்காமல், மழைநீரை இறக்கும் இடங்களாக மாற்றுகிறார்கள். இதிலும் டைஸின் கணக்கே கைகொடுக்கிறது: இறைப்பின் பள்ளம் ஆற்றை நோக்கிப் போவதுபோல, உள்ளே இறக்கிய நீரின் மேடும் ஆற்றை நோக்கிப் போகும். தூரத்துக் கூம்பு வந்து சேர்வதற்குள் பக்கத்தில் ஒரு மேட்டை எழுப்பி ஆற்றுக்குச் சில பத்தாண்டுகள் வாங்கித்தரலாம். லீக்கின் வரைபடத்தை இதற்கும் பயன்படுத்துகிறார்கள்.

பெரிய கட்டுமானங்களுக்கு அனுமதி கேட்கும்போது வழக்கமாக வைக்கப்படும் சமரசம் ஒன்று உண்டு: "கண்காணிப்புக் கிணறு வைக்கிறோம், ஆறு இறங்குவது தெரிந்தால் இறைப்பைக் குறைத்துக்கொள்கிறோம்." பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. இது ஏன் செல்லாது என்பதைப் பிரெடஹோஃப்ட் தன் கடைசிக் காலக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இறைக்கும் கிணற்றின் முதல் அடையாளம் ஆற்றோரக் கருவியில் பதியும்போது, அரை நூற்றாண்டு இறைப்பின் பள்ளம் முழுவதும் பின்னால் வந்துகொண்டிருக்கும். அன்றே மோட்டார்களை அணைத்தாலும் ஆறு இன்னும் பல பத்தாண்டுகள் இழந்துகொண்டே போகும். அணைக்கவும் போவதில்லை. அன்றைக்கு அந்த மேட்டில் 70,000 பேர் குடியிருப்பார்கள். அவர்கள் வீட்டுக் குழாயை மூடச் சொல்லும் உத்தரவில் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் முன்வர மாட்டார்.